பக்கத்துக் கட்டிலில் படிக்கிறார்

ஊசி இரண்டும் ஏறியாகிவிட்டது, இடது கை அசையாமல் தலையணைமேல் கிடக்கிறது, ரத்தம் குழாய் வழியாக டயாலிசிஸ் மிஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வர ஆரம்பித்துவிட்டது, இனிப் பதினொரு மணிவரைக்கும் குத்தாலிங்கம் இந்தக் கட்டிலை விட்டு எங்கேயும் ஓட முடியாது. அப்படியொரு நேரம் பார்த்துத்தானா அந்தப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுக்க வேண்டும்? வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைத்துவிட்டுத்தான் கிளம்பினார், தெருமுனைவரை போய்விட்டு ஆட்டோவைத் திருப்பச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தார், ஐம்பத்துநாலு வயதில் முதன்முதலாக ஒரு மனிதனின் கதை அச்சில் வந்திருக்கிறது, அதை நாலு பேர் கண்ணில் காட்டாமல் எப்படி இருப்பது? சிஸ்டர் முப்புடாதியிடம் காட்டினார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து, “உங்க பேருதான் சார், அப்படியே போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினைப் பார்க்கப் போய்விட்டாள். அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. “என்னது ஓய் அது? கொண்டாரும் பார்ப்போம்” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து தவமணி அண்ணாச்சி கையை நீட்டினார். இவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, “நம்ம கதைதான் அண்ணாச்சி, முப்பத்திரண்டாம் பக்கம்” என்று பக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார். பத்திரிகை கைமாறி, அண்ணாச்சி கண்ணாடியைப் போர்வையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்ட ஆரம்பித்த பிறகுதான் குத்தாலிங்கத்துக்கு நினைவு வந்தது. அந்தக் கதையில் வருகிற ஆள் தவமணி அண்ணாச்சிதான். கடைசிப் பக்கத்தில் அவர் செத்துப்போகிறார்.

எழுதியவனுக்கே அது எப்படி மறக்கும் என்று கேட்டால், மறந்துதான் போயிற்று, சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல. சனிக்கிழமை தபாலில் வந்த உறையை நடுத்தெருவில் நின்றே கிழித்தார், தன் பெயரைக் கறுப்பு எழுத்தில் பார்த்தார், பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான், அந்தத் திட்டுகூட அன்றைக்கு இனிப்பாக இருந்தது. பதினோரு தடவை படித்தார். பதினோரு தடவையும் தன் வாக்கியத்தைத்தான் படித்தார், இந்தக் கமா எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது, இந்த இடத்தில் ‘ஆனால்’ போடாமல் விட்டது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாரே தவிர, உள்ளே ஒரு மனிதன் சாகிறான், அவன் செவ்வாயும் வெள்ளியும் தனக்கு மூன்றடி தள்ளிப் படுத்திருக்கிறான் என்பது உறைக்கவே இல்லை. மனைவி உலகம்மாளிடம் படிக்கக் கொடுத்தார். அவள் அடுப்படியிலேயே நின்று படித்து முடித்துவிட்டு, “இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டாள். “நீ இதுல இல்ல.” “பதினாலு மாசமா உப்பைக் கொறைச்சுக் கொறைச்சு ஆக்கிப் போடுதது யாராம்?” என்றவள் சாயங்காலம்வரை பேசவில்லை. அப்போது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதையில் இல்லாதவளுக்கே இவ்வளவு கோபமென்றால் இருக்கிறவருக்கு எவ்வளவு வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இப்படி மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம். வலது கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டை தானாகவே உப்பி இறுக்கியது, மிஷின் எண்ணைக் காட்டியது, சிஸ்டர் வந்து பார்த்தாள். “என்ன சார், வரும்போது நூத்திநாப்பது இருந்துச்சு, இப்ப நூத்தியெழுபது. ஊறுகா சாப்பிட்டீங்களா?” “இல்லம்மா, சந்தோஷம்.” “சந்தோஷத்துக்கு இவ்வளவு ஏறாது சார்” என்றாள் முப்புடாதி.

ஏறும். அவளுக்கு என்ன தெரியும். பயமும் சந்தோஷமும் ஒரே இடத்தில்தான் படபடக்கிறது, இது எது அது எது என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியவில்லை, ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் ஒரு மனிதர் தன் கதையைப் படிக்கிறார், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, வரி வரியாக, விரலை வைத்துப் படிக்கிறார், உலகத்தில் வேறு யார் இப்படிப் படிக்கப் போகிறார்கள். முதல் பக்கம் முடியப் போகிறது. முதல் பக்கத்தில் பயமில்லை, அதில் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை, நாலு எல்லையையும் எப்படி எழுதுவது என்று தெரியும், ஆகவே எப்படி மாற்றுவது என்றும் தெரியும். தவமணியைக் கருப்பையா ஆக்கினார். பாளையங்கோட்டையைக் காரைக்குடி ஆக்கினார். அண்ணாச்சி முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அவரைத் தையல்காரராக மாற்றினார். சர்ச்சுக்குப் போகிற மனிதரைப் பிள்ளையார் கோவிலுக்கு அனுப்பினார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லாம் மாறிவிட்டது, இனி யார் வந்து எந்த நிலம் என்று கண்டுபிடிப்பார்கள்? ஆனால் சர்வே நம்பரை மாற்றாமல் விட்டுவிட்டார். மிஷின் சத்தம் போடும்போதெல்லாம் தவமணி அண்ணாச்சியின் வலது கால் போர்வைக்குள்ளே கட்டிலின் அடிக்கம்பியைப் போய் அழுத்தும். பிரேக். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகியும் கால் இறங்கவில்லை. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கதையே பிறந்தது, அதை எப்படி விட முடியும்? விடாமல், தையல் மிஷினை மிதிக்கிற கால் என்று மாற்றி வைத்தார், மாற்றின அன்று தன் மூளையை நினைத்துத் தானே அசந்துபோனார். இப்போது அண்ணாச்சி இரண்டாம் பக்கத்தில் சரியாக அந்த இடத்தில் விரலை நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிட்டுத் தன் காலை ஒரு தடவை பார்க்கிறார். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடினால் காது பெரிதாகிவிடுகிறது. பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது, மூன்றாம் பக்கம், பம்புசெட். அது அண்ணாச்சி சொன்னதுதான், போன சித்திரையில், இரண்டு பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்த ஒரு நாளில். ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீருக்குமேல் குடிக்கக் கூடாதென்று அளந்துவிட்ட மனிதர்கள் வேறெதைப் பேசுவார்கள், தண்ணீரைத்தான் பேசுவார்கள். பாபநாசம் ரோட்டில் ஒரு மத்தியானம், பஸ் நிறைய ஆள், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தண்ணீர் கேட்கிறாள், யாரிடமும் இல்லை, அண்ணாச்சி வண்டியை ஓரம் கட்டி வயலில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டைக் காட்டி, “எல்லாரும் எறங்கிக் குடிங்கம்மா, நான் ஒண்ணும் ஓடிப்போயிற மாட்டேன்” என்றாராம். அரைமணி நேரம் தாமதம், மேலே இருந்து ஒரு மெமோ. “மெமோ கிடக்கு ஓய். அம்பது பேரு வாயைத் துடைச்சிக்கிட்டு ஏறி வந்தாம் பாரும்.” இதைக் கேட்டுவிட்டு ஒருவன் சும்மா இருப்பானா? ஆனால் தையல்காரனுக்கு ஏது பஸ்? மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தார், கடைசியில் கருப்பையாவைப் பஸ்ஸில் பயணியாக ஏற்றி, டிரைவரிடம் சண்டைபோட்டு வண்டியை நிறுத்தவைத்தார். அதில் என்ன ஆயிற்றென்றால் டிரைவர் கெட்டவனாகிவிட்டான். கல்நெஞ்சக்காரன், தண்ணீருக்கு நிறுத்தமாட்டேன் என்கிறவன். ஐயோ, அண்ணாச்சி தன் வாழ்க்கையிலேயே பெருமைப்பட்ட ஒரு காரியத்தை எடுத்து, அதை வேறொருவன் பெயரில் எழுதிக்கொடுத்து, அவரையே எதிர்க்கட்சியாக நிறுத்தியிருக்கிறாரே. “ம்” என்றார் தவமணி அண்ணாச்சி. அந்த ‘ம்’ எப்படிப்பட்ட ‘ம்’ என்று தெரியவில்லை. கோபத்தில் வந்ததா, தொண்டை வறண்டு வந்ததா, கண்ணைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், திறக்க மனசில்லை.

கேட்டுவிடலாம். “அண்ணாச்சி, போதும், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்க” என்று கையை நீட்டி வாங்கிவிடலாம். அல்லது இருமலாம், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி சிஸ்டரைக் கூப்பிடலாம், நூத்தியெழுபது இருக்கிறதே, நம்புவார்கள். ஆனால் வாங்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயத்துக்கு அடியில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், அந்தப் பாவி, ‘ஐந்தாம் பக்கம் வரட்டும், அங்கே மனுஷன் அசந்துபோவான்’ என்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாம் பக்கம் இன்னும் மோசம். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, உடம்பிலிருந்த தண்ணீரை மிஷின் வேகமாக இழுத்துவிட்டதில் அண்ணாச்சிக்குக் காலில் நரம்பு சுண்டி இழுத்தது, முப்புடாதியும் இன்னொரு சிஸ்டரும் சேர்ந்து பாதத்தை மடக்கிப் பிடித்தார்கள், அந்த ஆறடி மனிதர் வாய்விட்டு அழுதார், “எம்மா, எம்மா” என்று, அறுபத்தொரு வயதில். குத்தாலிங்கம் மரியாதையாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தைத்தான் திருப்பினார். காது இந்தப் பக்கமே இருந்தது, ஒவ்வொரு ‘எம்மா’வுக்கும் நடுவில் எத்தனை மூச்சு என்றுகூட எண்ணிக்கொண்டிருந்தது, வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் எழுதிவைத்தார். அழுகிற மனிதனைப் பார்த்து முதலில் என்ன தோன்ற வேண்டும்? பாவமே என்று தோன்ற வேண்டும். தோன்றியது. ஆனால் அதற்குமுன் ‘கிடைத்துவிட்டது’ என்று தோன்றியது. அப்படியொரு ஆளா நான் என்று அன்றைக்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும், அன்றைக்கோ பேனா ஓடின வேகத்தில் காபி ஆறியதுகூடத் தெரியவில்லை, அப்படியொரு குஷி.

நாலாம் பக்கம் புரண்டது. நாலில் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வர்ணனை, ஜன்னல், மனைவி வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஐந்து புரண்டது. அண்ணாச்சி மூச்சு விடுகிற சத்தம் மாறியது. முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆறாம் பக்கம்தான், ஆறில் இந்த வார்டில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தை இருக்கிறது. இங்கே யாரும் சாவதில்லை. பதினாலு மாசத்தில் மூன்று கட்டில் காலியானது, மூன்று தடவையும் விரிப்பை மாற்றிப் புது ஆளைப் படுக்க வைத்தார்கள், தவமணி அண்ணாச்சிதான் முதலில், “ஷிஃப்ட் மாறிட்டாரு போல” என்பார், “ஆமா, சாயங்கால ஷிஃப்ட் கேட்டுக்கிட்டிருந்தாருல்லா” என்று எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள், அதோடு பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். ஒருவர் அறியாமல் உண்மையைச் சொல்லப் போனால் நாலு பேர் ஒரே நேரத்தில் இருமுவார்கள். அந்த ஒழுங்கைத் தெரிந்துவைத்திருந்தும் குத்தாலிங்கம் எழுதினார்: ‘பத்து நாற்பதுக்குக் கருப்பையா இறந்துபோனார்.’ பச்சையாக, நேரத்தோடு. ஏன் எழுதினோம்? கதைக்கு முடிவு வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது கண்ணை மூடிக்கிடக்கையில் அது பொய் என்று தெரிகிறது. நாலாம் நம்பர் கட்டில் காலியான வாரம் அது. வீட்டில் படுத்திருக்கும்போது அடுத்தது யார் என்று மனசு கட்டில் கட்டிலாக நடந்துபோய்த் தன் கட்டிலில் வந்து நின்றது. எழுத உட்கார்ந்தால் தன் பெயரை அங்கே போடக் கை வரவில்லை. மூன்றடி தள்ளிப் போட்டுவிட்டார். இப்போது அந்தக் கட்டிலில் ஒரு சத்தமும் இல்லை, கால் கம்பியை அழுத்தவில்லை, பக்கம் புரளவில்லை, ஏனென்றால் புரட்ட இனிப் பக்கம் கிடையாது. கடிகாரம் பத்து இருபத்தைந்து.

“ஓய் ரைட்டரே.”

குத்தாலிங்கம் கண்ணைத் திறந்தார். பத்திரிகை அண்ணாச்சியின் மார்பில் மூடிக்கிடந்தது, கண்ணாடி அதன்மேல் இருந்தது. “முழிச்சிக்கிட்டுத்தான கிடந்தீரு? எனக்குத் தெரியும்.” “ஆமா அண்ணாச்சி.” “இது நான்தான ஓய்?” இல்லை என்று சொல்லலாம், காரைக்குடி, தையல், பிள்ளையார் கோவில், எவ்வளவு சாட்சி இருக்கிறது, ஆனால் வாய் “ஆமா” என்றது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். “நல்லாத்தான் செத்திருக்கேன்” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தால் சிரிக்கவில்லை, கோபமா என்று பார்த்தால் அதுவுமில்லை. “மன்னிச்சிருங்க அண்ணாச்சி, தெரியாத்தனமா…” “அட அதை விடும். எல்லாரும் ஷிஃப்ட் ஷிஃப்ட்டுன்னு மழுப்பிக்கிட்டுக் கிடக்கோம், ஒருத்தன் எழுதிட்டான். படிக்கையில கொஞ்சம் திக்குனுதான் இருந்துச்சு, பெறவு என்னமோ லேசாயிட்டு. ஆனா நீரு சரியா முடிக்கலியே ஓய்.” இப்படி ஒரு வார்த்தையைக் குத்தாலிங்கம் எதிர்பார்க்கவில்லை, முடிவுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம், கோபத்தில் ஒரு கணம் பயம்கூட மறந்தது. “ஏன் அண்ணாச்சி?” “நாலாம் பக்கத்துல ஒரு பொம்பளை வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா. பெறவு அவளைக் காணமே. அந்தாள் பத்து நாப்பதுக்கு செத்தான். சரி. பத்து நாப்பத்தஞ்சுக்கு அவ என்ன செஞ்சா?”

குத்தாலிங்கம் நாலாம் பக்கத்தை மனசில் புரட்டிப் பார்த்தார். ஒரு வரியில் ஒரு பெஞ்சையும் ஒரு மனைவியையும் சேர்த்து எழுதியிருந்தார், அந்தப் பெஞ்சுக்கு எத்தனை கவனம் கொடுத்தாரோ அத்தனைதான் அவளுக்கும். பதினாலு மாசமாக அண்ணாச்சியின் மனைவி கிரேசம்மா அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள், நாலு நாலு மணி நேரம், முகம் எப்படி இருக்கும் என்று இப்போது நினைத்துப்பார்த்தால் ஒரு பச்சைக் கூடைதான் நினைவுக்கு வருகிறது. “தெரியல அண்ணாச்சி” என்றார். “உமக்கே தெரியலன்னா எனக்கு யாரு ஓய் சொல்லுவா? நான் இருந்து பாக்கப் போறதில்லையே.” இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அடுத்த ஸ்டாப் எது என்று கேட்கிற மாதிரி. கதை என்றால் நடந்ததை எடுத்துப் பெயர் மாற்றி எழுதுவது என்றுதான் குத்தாலிங்கம் நினைத்திருந்தார். நடக்கப்போவதை, அதைப் பார்க்க முடியாத ஒரு ஆளுக்காக எழுதலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இதோ ஒருவர் கேட்கிறார். “எழுதுதேன் அண்ணாச்சி. சொல்லுங்க, அவங்க என்ன செய்யணும்?” “கொஞ்ச நாள் அழட்டும். அழாம இருந்தா எனக்கு மரியாத இல்ல.” “எத்தனை நாள்?” “ஒரு மாசம் போடும். அதுக்கு மேல வேண்டாம், அவளுக்குத் தலைவலி வந்துரும்.” அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மறுபடியும் போர்வையில் துடைத்தார். “பெறவு ஸ்கூட்டர் ஓட்டட்டும்” என்றார். பத்து வருஷமாகக் கேட்டாளாம், பக்கத்து வீட்டு டீச்சர் ஓட்டுகிறாளே, நானும் படிக்கிறேன் என்று. அண்ணாச்சி விடவில்லை. “முப்பது வருசம் ரோட்டுல கிடந்தவன் ஓய், என்னெல்லாம் பாத்திருக்கேன், எப்படி விடுவேன்? ஒருநாள் சத்தம் போட்டேன். அதோட கேக்கதை விட்டுட்டா. கதையிலயாவது ஓட்டட்டும். நல்ல செவப்பு வண்டியா குடும்.” “எங்க போறாங்க?” என்று கேட்டார் குத்தாலிங்கம். “அது எனக்குத் தெரியாது. எங்கயாச்சும் போட்டும். நான் கேக்கலியே ஒருநாளும்.”

மணி பதினொன்று. இரண்டு பேருக்கும் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு முப்புடாதி கதவைத் திறந்தாள், கிரேசம்மா கூடையோடு உள்ளே வந்தாள். குத்தாலிங்கம் முதன்முதலாக அவளைப் பார்த்தார், ஒல்லியான ஆள், இடது புருவத்தில் சின்னத் தழும்பு, காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு. “என்ன புஸ்தகம் அது?” என்று அவள் கேட்டாள். அண்ணாச்சி அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். “ரைட்டர் எழுதின கதை. இன்னும் முடியல. முடிச்சபெறவு படிக்கலாம்.” சும்மா இருந்திருக்கலாம், ஆனால் குத்தாலிங்கத்தால் வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியாது, பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டுவிட்டார். “ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன், உங்க கையில ஒரு ஸ்கூட்டர் கிடைச்சா மொதல்ல எங்க போவீங்க?” அண்ணாச்சி முறைத்தார். கிரேசம்மா யோசிக்கவே இல்லை, கூடையிலிருந்து அவருடைய சட்டையை எடுத்து உதறிக்கொண்டே சொன்னாள். “எங்க போக? இங்கதான். ரெண்டு பஸ் மாறி வாராங்கள்லா, ஏற எறங்க எவ்வளவு சிரமப்படுதாங்க. பின்னால உக்கார வச்சு நானே கூட்டிட்டு வந்துருவேன்.”

அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணாச்சி கையை அதற்குள் விடுவதற்கு இரண்டு தடவை தவறினார், மூன்றாவது தடவை அவளே பிடித்து விட்டாள். அவள் பாட்டிலைக் கழுவப் போனபோது குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார். “ஓய், அந்த முடிவு வேண்டாம். இதையும் எழுதிராதீரும், கேட்டீரா?”

“எழுதல அண்ணாச்சி” என்றார் குத்தாலிங்கம். முதல் வரி அதற்குள் மனசில் வந்துவிட்டிருந்தது. அதில் அவர் ஒருவருடைய பெயரையும் மாற்றியிருக்கவில்லை.